எட்டடி அன்ரனா, இருபத்தொரு அடிப் படகு

முல்லைத்தீவு அளம்பிலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"அண்ணை, எங்களிடம் 21 அடி பைபர் படகும் 25 குதிரைவலு எஞ்சினும் இருக்கு. பின்னேரம் இறங்கி, வலை விட்டு, விடியக் கரைக்கு வருவோம். பத்துப் பன்னிரண்டு கடல் மைல் தாண்டினால் போனில் ஒரு கோடும் இராது. போன சோளகக் காற்றுக் காலத்தில் எஞ்சின் நின்று இரவு முழுக்க வெளியே இழுபட்டோம். தற்செயலாக ஒரு படகு கண்டதால் வந்து சேர்ந்தோம். அதுக்குப் பிறகுதான் கடலில் பேசுகிற 25 வாற்ஸ் வி.எச்.எப் ரேடியோ செற் ஒன்று வாங்கினேன். அன்ரனாவில்தான் குழப்பம். கடைக்காரர் எட்டடி நீளத்தில் 6 டெசிபல் அன்ரனா எடுக்கச் சொல்கிறார், 9 டெசிபலும் இருக்காம். தெரிந்த ஒருவர் பலநாள் படகில் கழற்றிய நீள அன்ரனாவைச் சும்மா தாறன் என்கிறார். மைத்துனரிடம் வாகனத்துக்குப் பூட்டுகிற காந்த அன்ரனா ஒன்று கிடக்கு. எதைப் பூட்டுவது? எவ்வளவு தூரம் கேட்கும்?"

தம்பி, மூன்றும் வேண்டாம். உங்கள் படகுக்கு ஏற்றது 3 டெசிபல் என்று விற்கிற, ஒரு மீற்றர் அளவு நீளமுள்ள அரை அலை அன்ரனா. அதை நல்ல தடி ஒன்றின் தலையில் ஏற்றுங்கள். எட்டடி அன்ரனாவின் விலையில் மிஞ்சுகிற காசைக் கேபிளிலும் பிளக்கிலும் தடியிலும் போடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கிற டெசிபல் எண்ணை (அன்ரனா சக்தியை எவ்வளவு குவிக்கிறது என்ற அளவை) பார்த்து மயங்க வேண்டாம். அன்ரனா கடல்மட்டத்தில் இருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, கேபிள் மூட்டுக்குள் உப்புத்தண்ணி போகிறதா இல்லையா, இந்த இரண்டையும் பொறுத்துத்தான் உங்கள் குரல் போய்ச் சேரும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைக்காரர் மறுபடி உங்களை எட்டடிக்கே கொண்டுபோய் விடுவார்.

முதலில் சும்மா கிடைக்கிற இரண்டையும் தள்ளிவிடுவோம்.

பலநாள் படகுகளில் நிற்கிற அந்த நீள அன்ரனா பெரும்பாலும் எஸ்.எஸ்.பி செற்றுக்கு உரியது. அந்தச் செற்றுகளின் அலை பத்துக்கணக்கான மீற்றர் நீளம். அதனால்தான் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலும் பேச முடிகிறது. உங்கள் வி.எச்.எப் செற் 156 மெகாஹேட்ஸ் பக்கம் வேலை செய்கிறது. அங்கே அலையின் நீளம் இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அன்ரனாவின் நீளமும் அதன் உள்ளே சுற்றியிருக்கிற கம்பியும் அந்த அலைக்கு அளவாக இருக்க வேண்டும். அளவு பொருந்தாவிட்டால் செற் அனுப்புகிற சக்தியில் பெரும்பங்கு கேபிள் வழியே செற்றுக்குத்தான் திரும்பி வரும். நல்ல செற் தன்னைக் காப்பாற்றத் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். மலிவான செற் என்றால் உள்ளே எரிந்துவிடும். இதில் பொல்லாத விசயம் என்னவென்றால், இப்படிப் பொருந்தாத அன்ரனாவிலும் கரையில் நின்று இரண்டு மைலில் உள்ள படகோடு பேசலாம். "நல்லாத்தானே கேட்குது" என்று நம்பிக்கொண்டு போவீர்கள். பன்னிரண்டு மைலில் எஞ்சின் நிற்கும்போதுதான் உண்மை தெரியும்.

மைத்துனரின் காந்த அன்ரனா வேறு வகை. அது கால் அலை அன்ரனா, அரை மீற்றர் அளவுதான் இருக்கும். மிச்சப் பாதி வேலையை வாகனத்தின் இரும்புக் கூரை செய்கிறது. பைபர் படகில் அந்தக் கூரைக்கு எங்கே போவது? காந்தம் ஒட்டவும் மாட்டாது. தகரத் துண்டொன்றை வைத்துப் பூட்டினால் என்ன என்று மைத்துனர் கேட்பார். போதிய அகலத்துக்குத் தகரம் வைத்தால் ஓரளவு வேலை செய்யும்தான். ஆனால் நம் கடல் உப்பில் தகரம் எவ்வளவு காலம் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதோடு வாகன அன்ரனா கடல் அலைவரிசைக்கு வெட்டப்பட்டதா என்பதும் கேள்வி. அரை அலை அன்ரனாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு அடியில் இரும்பு தேவையில்லை. பைபர் படகுக்கு அதை நான் சொல்வது அதனால்தான்.

இனி எட்டடிக்கு வருவோம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 6 டெசிபல் அன்ரனா நல்ல அன்ரனாதான், முப்பது முப்பத்தைந்து அடிக்கு மேல் நீளமான, அறை வைத்த படகுகளுக்கு. அன்ரனா எந்தச் சக்தியையும் புதிதாக உண்டாக்குவதில்லை. செற் தருகிற 25 வாற்ஸ்தான் மொத்தக் காசு. டெசிபல் கூடக் கூட, மேலேயும் கீழேயும் போகிற சக்தியை எடுத்து, கிடையாகத் தொடுவானத்தை நோக்கிக் குவிக்கிறார்கள். ரோர்ச் லைற்றில் முகப்பைத் திருப்பி ஒளியைக் குறுக்குவது மாதிரி. குறுக்கினால் தூரம் போகும், ஆனால் கை ஆடினால் வெளிச்சம் குறியில் இராது.

3 டெசிபல் என்று விற்கிற அரை அலை அன்ரனாவின் வீச்சு கிடைக்கோட்டுக்கு மேலே நாற்பது பாகை, கீழே நாற்பது பாகை வரை அகலமானது. 6 டெசிபலில் அது பக்கத்துக்கு இருபது பாகைக்கும் குறையும். 9 டெசிபலில் பத்துப் பாகை அளவுதான். இப்போது உங்கள் படகை நினைத்துப் பாருங்கள். ஓடும்போது அல்ல, வலை விட்டுவிட்டுச் சும்மா கிடக்கும்போது. அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பி, ஆள் எழுந்து நிற்க முடியாத அளவுக்கு உருளும். இருபது, இருபத்தைந்து பாகை சரிவது அதற்குச் சாதாரணம். அந்த ஆட்டத்தில் 6 டெசிபல் அன்ரனாவின் வீச்சு ஒரு முறை கடலுக்குள் போகும், மறுமுறை வானத்துக்குப் போகும். கேட்கிறவருக்கு உங்கள் குரல் விட்டுவிட்டுத்தான் வரும். எஞ்சின் நின்றால் படகு எப்படிக் கிடக்கும்? இப்படித்தான். அதாவது உங்களுக்குச் செற் உயிராகத் தேவைப்படுகிற அந்த இரவில்தான் எட்டடி அன்ரனா உங்களைக் கைவிடும்.

எட்டடிக் குழாயின் பாரமும் நெம்புகோலும் வேறு. அது ஆடும்போது அடியில் உள்ள பைபரைத்தான் பெயர்க்கும். ஆடுகிற ஆணியின் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு முதலில் வரும். பிறகு அதற்குள் தண்ணி இறங்கும்.

சரி, எவ்வளவு தூரம் கேட்கும் என்று கேட்டீர்கள். வி.எச்.எப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமி வளைந்திருப்பதால் தொடுவானத்துக்கு அப்பால் அது வானத்துக்குப் போய்விடும். ஆகவே தூரத்தைத் தீர்மானிப்பது உயரம். கணக்கு சுலபம்: அன்ரனா கடல்மட்டத்தில் இருந்து நிற்கிற உயரத்தை மீற்றரில் எடுங்கள், அதன் வர்க்கமூலத்தைக் காணுங்கள், நாலால் பெருக்குங்கள். கிட்டத்தட்ட அத்தனை கிலோமீற்றர் அந்த அன்ரனாவின் பங்கு. மறுபக்கத்து அன்ரனாவுக்கும் அதேபோலக் கணக்குப் பார்த்து இரண்டையும் கூட்டுங்கள்.

உங்கள் அன்ரனா 3 மீற்றர் உயரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். அதன் பங்கு 7 கிலோமீற்றர். இன்னொரு பைபர் படகிலும் அதே உயரம் என்றால் இரண்டு படகுக்கும் இடையே 14 கிலோமீற்றர், அதாவது ஏழரைக் கடல் மைல். கடலில் போகிற பெரிய கப்பலின் அன்ரனா 30 மீற்றர் உயரத்தில் இருந்தால் அதன் பங்கு 22, உங்கள் 7, மொத்தம் 29 கிலோமீற்றர். கரையில் மீனவர் சங்கக் கட்டடக் கூரையில் 6 மீற்றரில் ஓர் அன்ரனா இருந்தால் அதன் பங்கு 10, உங்களோடு சேர்த்து 17 கிலோமீற்றர், ஒன்பது கடல் மைல். நீங்கள் தொழில் செய்வது பன்னிரண்டு கடல் மைலில், அதாவது 22 கிலோமீற்றரில். அங்கே இருந்து கூப்பிட்டால் கூரை அன்ரனாவுக்குக் கேட்காது. செற்றை 25இல் இருந்து 50 வாற்ஸ் ஆக்கினாலும் கேட்காது.

அதே கரை அன்ரனாவை 15 மீற்றர் தடியில் ஏற்றினால் அதன் பங்கு 16 ஆகும், மொத்தம் 23 கிலோமீற்றர். இப்போது கேட்கும், மட்டுமட்டாக என்றாலும். உங்கள் படகுத் தடியை மூன்றில் இருந்து நாலு மீற்றர் ஆக்கினால் கிடைப்பது ஒரு கிலோமீற்றர்தான். கரைத் தடியை உயர்த்தினால் ஆறு கிலோமீற்றர், அதுவும் ஊரில் உள்ள எல்லாப் படகுக்கும். திருகோணமலைப் பக்கம் மலை இருக்கிறது, மேலே ஓர் அன்ரனா வைத்தால் போதும். கொக்கிளாயில் இருந்து சாலை என்ற ஊர் வரை நமக்கு மணலும் பனையும்தான். உயரம் வேண்டுமென்றால் நாமே நட வேண்டும். இதைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். தனித்தனியே எட்டடி அன்ரனா வாங்குகிற காசைச் சேர்த்தால் ஒரு நல்ல கரைத் தடி வந்துவிடும். இரவில் அங்கே செற்றைத் திறந்து வைத்துக்கொண்டு யார் இருப்பது என்பதையும் அதே கூட்டத்தில் பேசித் தீர்க்க வேண்டும். ஆள் இல்லாத தடியால் பயனில்லை.

சோளகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கரையில் சோளகம் நிலத்தில் இருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையோரம் கடல் படிந்து கிடப்பதால் பயம் தெரியாது, ஆனால் எஞ்சின் நின்ற படகை அது வங்காள விரிகுடாவுக்குத்தான் தள்ளும். மணிக்கு ஒரு கடல் மைல் இழுபட்டாலே பத்து மணித்தியாலத்தில் பன்னிரண்டு மைல் இருபத்திரண்டு மைல் ஆகிவிடும். அதற்குப் பிறகு 15 மீற்றர் கரைத் தடிக்கும் நீங்கள் எட்டமாட்டீர்கள். ஆகவே எஞ்சினைக் கழற்றிப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்காமல், நின்ற உடனேயே ஒரு தரம் கூப்பிட்டு இடத்தைச் சொல்லிவிடுங்கள். எஞ்சின் திருந்திவிட்டால் "இனி வேண்டாம்" என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

தடி எங்கே, எப்படி? விளிம்பில் பூட்டாதீர்கள். குறுக்குப் பலகையை ஒட்டி, கீழே ஒரு பிடி, மேலே ஒரு பிடி என்று இரண்டு இடத்தில் பிடியுங்கள். பைபருக்கு மறுபுறம் தடித்த பலகைத் துண்டோ அலுமினியத் தகடோ வைத்து முடுக்குங்கள். வலை ஏற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கட்டும். இரண்டு மீற்றர் அலுமினியக் குழாய் போதும். படகு விளிம்பின் உயரம், குழாய், மேலே அன்ரனா என்று சேர்த்தால் அன்ரனாவின் நடுப்பகுதி மூன்று மீற்றரில் வந்துவிடும். குழாய் வேண்டாம், அன்ரனாவை நேரே விளிம்பில் பூட்டுவோம் என்று சிலர் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் உயரமும் போகிறது, எவர்சில்வர் கம்பியின் நுனி ஆளின் கண் மட்டத்தில் வந்து நிற்கிறது. இருட்டில் வலை இழுக்கிற படகில் அது வேண்டாத ஆபத்து.

கரைக்கு வந்து ட்ராக்டரில் கொளுவி மணலில் இழுக்கும்போது தடி நின்றால் முறியும். அதற்காகத் தினமும் பிளக்கைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினால் பிளக் கெட்டுவிடும். தடியின் அடியில் ஒரு கீலும் முளையும் வையுங்கள். முளையை எடுத்தால் தடி அப்படியே அணியம் (படகின் முன்) பக்கம் படுக்கும், கேபிள் கழறாது. கீல் இருக்கிற இடத்தில் கேபிளை ஒரு கை அளவு தொய்வாக விடுங்கள். ஆனால் பேசும்போது தடி நிமிர்ந்து நிற்க வேண்டும். படுத்திருக்கிற அன்ரனாவில் பேசினால் நிமிர்ந்து நிற்கிற மற்றவரின் அன்ரனாவுக்குச் சரியாக ஏறாது.

தடியில் கொடி கட்டலாமா, லைற் தொங்கவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். குழாயில் கட்டுங்கள், அன்ரனாவில் கட்டாதீர்கள். கொம்பாசையும் ஜி.பி.எஸ்ஸையும் அன்ரனாவில் இருந்து ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள்.

கம்பி அன்ரனாவா, வெள்ளைக் குழாய் அன்ரனாவா என்றால் நான் எவர்சில்வர் கம்பியையே எடுப்பேன். வெள்ளைக் குழாய் பைபர்தான். சில வருசம் வெயில் குடித்தால் மேல்பூச்சு போய் நார் கிளம்பும், தொட்ட கை நாள் முழுக்க அரிக்கும். கம்பி வளைந்து கொடுக்கும், காற்றையும் அதிகம் பிடிக்காது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புகிற இடம், கேபிளும் மூட்டும். என்னிடம் "செற் கெட்டுப்போச்சு" என்று வருகிற படகுகளில் செற் கெட்டிருப்பது குறைவு. பிளக்கைக் கழற்றி, கேபிளின் கறுப்புத் தோலை இரண்டு அங்குலம் வெட்டிப் பார்ப்பேன். நல்ல செம்பு வலை இளஞ்சிவப்பாக மினுங்கும். இவர்களுடையது கறுத்து, இடையிடையே பச்சைக் களிம்பு பூத்திருக்கும். இன்னும் ஓர் அடி வெட்டினாலும் அதே கறுப்பு. மூட்டில் நுழைந்த உப்புத்தண்ணியை அந்தச் செம்பு வலை திரி எண்ணெயை இழுப்பதுபோல உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கும். அப்படிப்பட்ட கேபிளைத் துடைத்துத் திருத்த முடியாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

கேபிள் 50 ஓம் ஆக இருக்கட்டும். ஊர்க் கடையில் எந்த நேரமும் கிடைப்பது ரி.வி கேபிள், அது 75 ஓம். அதைவிட மோசம், அதன் வலை பெரும்பாலும் அலுமினியம். அதில் ஈயம் பிடிக்காது, உப்பில் பொடியாகிப்போகும். ஆர்.ஜி. 58 என்பது மெல்லிய 50 ஓம் கேபிள். முப்பது மீற்றர் ஓடினால் முக்கால்வாசிச் சக்தியை அது தின்றுவிடும். ஆனால் உங்கள் படகில் ஓடப்போவது நாலைந்து மீற்றர்தான், ஐந்தில் ஒரு பங்குதான் போகும். அதுவும் வேண்டாம் என்றால் ஆர்.ஜி. 8 எக்ஸ் எடுங்கள், கொஞ்சம் தடிப்பு, இழப்பு குறைவு. கம்பி வெள்ளீயம் பூசியதாக, கடலுக்கென்று செய்ததாக இருந்தால் காசு கொஞ்சம் கூட என்றாலும் எடுங்கள். கரைத் தடிக்கு மட்டும் மெல்லிய கேபிள் கூடவே கூடாது. அங்கே தடித்த ஆர்.ஜி. 213 போடுங்கள்.

பிளக்குக்குப் பெயர் பி.எல். 259. முறுக்கிப் பூட்டுகிற, ஈயம் வேண்டாத வகைகள் வருகின்றன. வீட்டு மேசையில் பரவாயில்லை, ஆடுகிற படகில் வேண்டாம். நடு ஊசியில் ஈயம் முழுதாக ஏற வேண்டும், சுற்றியுள்ள வலையும் பிளக்கின் உடம்போடு ஈயத்தால் சேர வேண்டும். சூடு போதாமல் வைத்தால் ஈயம் சாம்பல் நிறத்தில் மணிமணியாக நிற்கும். பார்த்தாலே தெரியும், அதைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

மூடுவதற்கு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற றப்பர் நாடா கேளுங்கள். இரண்டு மடங்கு நீளும்வரை இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடித் தண்ணி வழிந்து போகும். அதன் மேல் சாதாரணக் கறுப்பு நாடா ஒரு சுற்று, வெயிலுக்கு. சிலிக்கன் பசை பூசுகிறவர்கள் அதை முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அந்தப் பசை காயும்போது விடுகிற அமிலமே செம்பை அரிக்கும். செற்றுக்குள் போவதற்கு முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுங்கள், வழிகிற தண்ணி அந்த வளைவில் சொட்டிவிடும்.

பூட்டி முடித்ததும் மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு "அண்ணை, ஷோர்ட் காட்டுது" என்று எனக்கு அழைப்பு எடுக்கிறவர்கள் உண்டு. பல கடல் அன்ரனாக்களின் அடியில் சுருள் இருப்பதால் நடு ஊசிக்கும் உடம்புக்கும் இடையே மீற்றர் ஷோர்ட் காட்டத்தான் செய்யும். அது பிழை அல்ல. அன்ரனாவைப் பூட்டாமல் கேபிளை மட்டும் பாருங்கள், அதில் ஷோர்ட் காட்டக்கூடாது. சரியான சோதனை, அன்ரனாவில் இருந்து சக்தி எவ்வளவு திரும்புகிறது என்று காட்டுகிற எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர் வைத்துப் பார்ப்பது. 1.5க்குக் கீழே நல்லது, 2 வரை போகலாம், 3 காட்டினால் கால்வாசிச் சக்தி திரும்புகிறது, கடலுக்குப் போகாதீர்கள். மீற்றர் 150 மெகாஹேட்ஸுக்கு உரியதா என்று பாருங்கள், 27 மெகாஹேட்ஸ் மீற்றர் இங்கே உளறும். எந்தக் காரணம் கொண்டும் அன்ரனா இல்லாமல் பேசும் பொத்தானை அமர்த்தாதீர்கள்.

மீற்றர் கிடைக்காவிட்டால், செற்றை 1 வாற்ஸில் வைத்து மூன்று நாலு மைலில் உள்ள படகோடு பேசிப் பாருங்கள். ஒரு வாற்ஸில் தெளிவாகக் கேட்டால் அன்ரனாவும் மூட்டும் சரி. இந்தச் சோதனையை 16ஆம் சனலில் செய்யாதீர்கள், அது ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது.

செற் நல்லது, அன்ரனா நல்லது, ஆனாலும் இரவில் மட்டும் கேட்கவில்லை என்றால் உங்கள் எல்.ஈ.டி லைற்றைச் சந்தேகப்படுங்கள். மலிவு எல்.ஈ.டிக்குள் இருக்கிற சின்னச் சுற்று வி.எச்.எப்பில் இரைச்சலைக் கொட்டும். 2018இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படை இதற்கென்றே ஓர் எச்சரிக்கை விட்டது. சோதிப்பது இப்படி: லைற்றை அணைத்துவிட்டு, யாரும் பேசாத சனலில், இரைச்சலை அடக்குகிற ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் நின்ற இடத்தில் மட்டுமட்டாக வையுங்கள். இப்போது லைற்றைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் குற்றவாளி அதுதான். லைற்றை மாற்றுங்கள், அல்லது அன்ரனாவில் இருந்து தூரத் தள்ளுங்கள்.

பற்றரி: பேசும்போது செற் 5, 6 அம்பியர் இழுக்கும், கேட்கும்போது அரை அம்பியருக்கும் குறைவு. கயிறு இழுத்து இயக்குகிற எஞ்சினில் சார்ஜ் வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் லைற்றுக்கு ஒன்று, செற்றுக்கு ஒன்று என்று 12 வோல்ற் பற்றரி இரண்டு வையுங்கள். லைற் தின்று முடித்த பற்றரியில் செற் பெறும், அனுப்பாது. வயர் தடிப்பாக, இடையில் பியூசோடு.

இடி மின்னல் நேரம் தடியைப் படுக்கவைத்து, பிளக்கைச் செற்றில் இருந்து கழற்றிவிடுங்கள்.

செற் வாங்கியதாக எழுதினீர்கள், உரிமம் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் இல்லாமல் அலைவரிசைக் கருவி வைத்திருப்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். வேறு கரைகளில் இதை யாராவது கண்டும் காணாமல் விடலாம். நம் பக்கத்தில் பைபர் படகில் ஓர் அன்ரனா நீட்டிக்கொண்டு நின்றால் கடற்படை கேட்காமல் விடாது, ஏன் கேட்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததே. உரிமத்தின் பிரதியையும் செற் வாங்கிய பற்றுச்சீட்டையும் பிளாஸ்ரிக் உறையில் போட்டுப் படகு ஆவணங்களோடு வையுங்கள். கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும், சங்கத்திலும் சொல்லி வைத்தால் விண்ணப்பம் சுலபம். சந்தையில் மலிவாக வருகிற, எந்த அலைவரிசையிலும் பேசக்கூடிய, கையில் பிடித்துப் பேசுகிற வோக்கிகளை இதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். தண்ணிக்கும் தாங்காது, உரிமத்துக்கும் தொல்லை.

காசு சேரும்போது, தண்ணியில் மிதக்கிற கடல் வோக்கி ஒன்று வாங்குங்கள். படகு கவிழ்ந்தால் பூட்டிய செற் பற்றரியோடு போய்விடும். வோக்கி 5, 6 வாற்ஸ்தான், தண்ணியில் மிதந்துகொண்டு பிடித்தால் உயரமும் இல்லை, நாலைந்து கிலோமீற்றருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் தேடி வருகிற படகு கிட்ட வந்த பிறகு அதுதான் உங்களைக் கண்டுபிடிக்கும். உயிர்காப்பு அங்கியோடு கட்டி வையுங்கள்.

கூப்பிடுகிற முறையை ஒரு மட்டையில் எழுதிச் செற்றுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், ஏனென்றால் பக்கத்தில் போகிற கப்பலில் தமிழ் தெரிந்தவர் இருக்க மாட்டார். தண்ணி ஏறுகிறது, ஆள் விழுந்துவிட்டார், உயிருக்கு ஆபத்து என்றால் 16ஆம் சனலில் "மேடே" மூன்று தரம். எஞ்சின் நின்று இழுபடுகிறோம், உடனே உயிருக்கு ஆபத்தில்லை என்றால் "பான் பான்" மூன்று தரம். பிறகு படகின் பெயர், ஜி.பி.எஸ் காட்டுகிற எண்கள், என்ன நடந்தது, எத்தனை பேர். எண்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லப் பழகுங்கள். உங்களோடு வருகிற மற்றவருக்கும் பழக்குங்கள், விழுந்தவர் நீங்களாகவும் இருக்கலாம்.

உங்கள் செற்றில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் இருந்தால் அது 70ஆம் சனல் வழியே ஆபத்துச் செய்தியைத் தானாக அனுப்புகிற வசதி. ஆனால் படகுக்குரிய ஒன்பது இலக்க எண்ணை உள்ளே பதிந்திருக்க வேண்டும், இலங்கைக் கலங்களுக்கு அது 417இல் தொடங்கும். உங்கள் இடத்தையும் அது தானாகச் சொல்ல ஜி.பி.எஸ்ஸும் இணைந்திருக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் அது வெறும் பொத்தான். உரிமத்துக்குப் போகும்போதே அந்த எண்ணையும் கேளுங்கள். பல செற்றுகளில் அதை ஓரிரு தரம்தான் பதிய விடும், பிழையாக அடித்தால் கடைக்கு அனுப்பித்தான் அழிக்கலாம். ஆகவே பதியும்போது பக்கத்தில் இருந்து ஒருவர் வாசிக்க, ஒருவர் அடியுங்கள். செற்றின் மொடல் எண்ணையும், சங்கக் கூரை எவ்வளவு உயரம் என்பதையும் எழுதி அனுப்பினால் கரைத் தடிக்கான கேபிள் அளவைப் பார்த்துச் சொல்கிறேன்.